ஷாக் மாற்றும்போது கூடவே எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது?

கேள்வி இதுதான். வண்டி 2,20,000 கிலோமீட்டர் ஓடிய எஸ்யூவி. பின்பக்க ஷாக் (ஷாக் அப்சார்பர்) இரண்டிலும் எண்ணெய் வழிகிறது. முன்னால் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே 'டொக்' என்று ஒரு சத்தம். நான்கு ஷாக்கையும் மாற்ற முடிவு செய்துவிட்டீர்கள். எப்படியும் கழற்றுகிறோமே, அதோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் செய்துவிடலாம் என்று கேட்கிறீர்கள்.

என் பதில்: ஷாக் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதி முழுவதையும் பாருங்கள். பார்ப்பது எல்லாவற்றையும், மாற்றுவது கொஞ்சத்தை மட்டும். வேலை நடக்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சக்கரம் கழன்று வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது பால் ஜாயிண்ட் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு) போய்விட்டது தெரியவரும், கையில் பார்ட் இருக்காது, பழையதையே மாட்டி அனுப்புவீர்கள். இல்லையென்றால் "இதுவும் போச்சு சார், அதுவும் போச்சு சார்" என்ற நீளமான பட்டியலுக்கு நின்ற இடத்திலேயே தலையாட்டுவீர்கள்.

முதல் ரகம் எனக்கே நடந்திருக்கிறது. 1,80,000 ஓடிய ஒரு வண்டிக்கு முன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) இரண்டையும் புதிதாகப் போட்டேன். ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் பழைய டாப் மவுண்டில் ரப்பர் வெடிக்கவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சரி, இருக்கட்டும் என்று அதையே திரும்ப மாட்டினேன். மூன்றாவது வாரம், வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங்கைச் சுண்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். மவுண்டுக்குள் இருக்கும் பேரிங் இறுகிவிட்டது. சக்கரம் திரும்பும்போது ஸ்பிரிங் கூடவே வழுக்கித் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு, ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபடுகிறது. உள்ளங்கை அளவு பேரிங். அதை மாற்ற ஸ்ட்ரட்டை மறுபடி இறக்கி, ஸ்பிரிங்கை மறுபடி அமுக்கி, அலைன்மெண்ட்டை (சக்கரங்களின் கோணம்) மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. அதே கூலி, இரண்டாவது முறை.

சரி, பரிசோதனையை எங்கிருந்து ஆரம்பிப்பது? ஷாக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே ஒரு பிஸ்டன், அதிலுள்ள வால்வுகள் வழியாக எண்ணெயைப் பிதுக்குகிறது. ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிப் போய்விடுகிறது. வால்வும் சீலும் எண்ணெயும் மெல்ல மெல்லத் தேய்வதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, அவரும் கூடவே பழகிவிடுவார். 80,000 கிலோமீட்டர் தாண்டினால் ஷாக்கைச் சோதித்துப் பாருங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நீங்கள் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வந்துவிட்டீர்கள். முதல் ஷாக்கே இன்னும் இருக்கிறது என்றால், முன்பக்க ஷாக்கில் கசிவு இல்லாவிட்டாலும் நான்கையும் மாற்றுவது சரியான முடிவுதான்.

பானெட்டை அமுக்கிவிட்டு, வண்டி எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை ரொம்ப நம்பாதீர்கள். வண்டியின் உடல் நொடிக்கு ஒன்றிரண்டு தடவைதான் ஆடும்; கையால் அமுக்கினால் தெரிவது அந்த ஆட்டம். சக்கரமும் அச்சும் தனியாகக் குதிப்பது நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை. டயரை ரோட்டிலிருந்து எழுப்பிவிடுவது இந்த இரண்டாவது குதிப்புதான். பிரேக் பிடிக்கும் தூரம் கூடுவதும், திருப்பத்தில் மேடுபள்ளம் வந்தால் பின்பக்கம் பக்கவாட்டில் நகர்வதும் இதனால்தான். அதைக் கையால் அமுக்கிக் காட்ட முடியாது. அதனால் இந்தச் சோதனையில் தோற்றால் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். ஜெயித்தால் ஒன்றும் அர்த்தமில்லை. இன்னொன்று, ஷாக்கின் மேல்பகுதியில் மெலிதாக எண்ணெய்ப் பூச்சும் அதில் தூசியும் ஒட்டியிருந்தால் அது கசிவு ஆகாது. சீல் தன்னை நனைத்துக்கொள்ள அந்த அளவு வெளியே வரத்தான் செய்யும். உடம்பு நெடுக ஓடி அடியில் சொட்டாகத் தொங்கினால் அதுதான் கசிவு.

ஷாக்கின் நிலையை டயர் இன்னும் நன்றாகச் சொல்லும். வண்டியைத் தூக்கும் முன், உள்ளங்கையை டயரின் தரைபடும் பகுதியில் வைத்து, சுற்றளவை ஒட்டி மெல்லத் தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத டயரில் கைக்கு அலை அலையாக மேடும் குழியும் தட்டுப்படும்; இரண்டு மேட்டுக்கு இடையில் சில விரல்கடை தூரம் இருக்கும். சக்கரம் குதித்துக் குதித்து ஓடியதன் தடம் அது. உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்ந்திருந்தால் ஷாக்கைவிட அலைன்மெண்ட்டையும் புஷ்ஷையும் (மூட்டுகளில் வரும் ரப்பர் உருளை) சந்தேகப்படுங்கள். ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, மறுதிசையில் ரம்பப் பல் மாதிரி குத்துகிறது என்றால் 'டோ', அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம், தவறியிருக்கிறது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். குழி விழுந்த டயர் புது ஷாக் போட்ட பிறகும் 'ஹூம்ம்' என்று இரைந்துகொண்டேதான் இருக்கும். அப்போது ஷாக்கையோ பேரிங்கையோ திட்டாமல் இருக்க இந்தக் குறிப்பு உதவும்.

அடுத்தது உயரம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் வளைவு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். முன்னால் இடமும் வலமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டாலோ, தயாரிப்பாளர் சொன்ன உயரத்தைவிட நன்றாக இறங்கியிருந்தாலோ ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். இந்த அளவு இன்னொரு வேலைக்கும் தேவைப்படும், அங்கே வரும்போது சொல்கிறேன்.

இப்போது தூக்கலாம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம், ஸ்டாண்ட் கட்டாயம். ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலும் கீழுமாக, அதாவது 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். பிறகு பக்கவாட்டில், 9 மணி, 3 மணி இடத்தில். பக்கவாட்டில் மட்டும் 'டக் டக்' என்றால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் சக்கரப்பக்க மூட்டு) அல்லது ஸ்டீயரிங் ராக்குக்குள் இருக்கும் உள் ஜாயிண்ட். மேலும் கீழும் மட்டும் என்றால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட். எல்லாப் பக்கமும் ஆடினால் வீல் பேரிங். சந்தேகம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் பேரிங், அப்படியே இருந்தால் ஜாயிண்ட். ராக்கின் உள் ஜாயிண்ட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறைக்கு (பூட்) மேலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைச் சக்கரத்தை அசைக்கச் சொன்னால் உள்ளே தட்டுவது விரலுக்குத் தெரியும்.

பால் ஜாயிண்ட் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அனுபவசாலிகளே சில சமயம் கோட்டை விடுவார்கள். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) மேல் உட்கார்ந்திருக்கும் வகை, அதாவது சேஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டிய பல எஸ்யூவிகளில் வரும் இரட்டை ஆர்ம் அமைப்பு, உங்களுடையது என்றால் ஜாக்கை லோயர் ஆர்முக்கு அடியிலேயே கொடுத்துத் தூக்க வேண்டும். சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் ஆர்மை அழுத்திக்கொண்டே இருக்கும்; தேய்ந்த ஜாயிண்ட்கூட இறுக்கமாக இருப்பதுபோல நடிக்கும். ஸ்ட்ரட் வகையில் எடை மேலே டாப் மவுண்ட் வழியாகப் போய்விடுவதால் சக்கரத்தைத் தொங்கவிட்டே பார்க்கலாம். பால் ஜாயிண்ட்டின் பூட் கிழிந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் அது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விட்டது. இந்த ஒரு பார்ட்டில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. புஷ் போனால் சத்தம் வரும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிப் படுத்துவிடும்.

பேரிங்குக்கு ஒரு எளிய வழி. ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. போகத் தொடங்கியது என்றால் காதுக்குக் கேட்பதற்கு முன்பே, மணல் அரைபடுவது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வந்துவிடும்.

இனி புஷ். அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பணமும் குழப்பமும் அதிகமாகிற இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லோயர் ஆர்ம் புஷ்ஷின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். 2 லட்சம் தாண்டிய எந்த வண்டியிலும் இருக்கும். அதைக் காட்டியே மாற்றச் சொல்வார்கள். வெடிப்பு வேறு, கிழிசல் வேறு. நெம்புகம்பியை ஆர்முக்கும் சேஸுக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் சற்று நெளிந்து திரும்ப வந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. உலோகக் குழாயிலிருந்து ரப்பர் விலகி இடைவெளி திறந்தாலோ, ஆர்ம் 'டக்' என்று நகர்ந்து உலோகத்தில் உலோகம் இடித்தாலோ கதை முடிந்தது. சில ஆர்ம்களில் பின்பக்கப் புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அதைச் சுற்றி கருத்த ஈரக்கறை இருந்தால் திரவம் போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குவதற்கு டிஸ்க்கைக் கடைந்தும் தீராத வண்டிகளில் இந்தப் புஷ்தான் குற்றவாளியாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புஷ்ஷும் போய், அதே ஆர்மில் பால் ஜாயிண்ட்டும் தளர்ந்திருந்தால் தனித்தனியாகப் பிரஸ் பண்ணி மாற்றுவதைவிட ஆர்மை முழுசாக மாற்றிவிடுவது நல்லது. பிரஸ்ஸில் கோணலாக ஏறிய புஷ் ஆறு மாதத்தில் திரும்ப வரும். அப்புறம், "பாலியூரித்தேன் போட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தினசரி குடும்பத்தோடு போகிற வண்டிக்கு ரப்பர்தான் பொருத்தம். கெட்டியான புஷ் அதிர்வை அப்படியே உடம்புக்குக் கடத்தும், ஒழுங்காகக் கிரீஸ் வைக்காவிட்டால் கீச்சிடவும் செய்யும்.

நீங்கள் சொன்ன முன்பக்க 'டொக்' சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஷாக் அல்ல, ஸ்டெபிலைசர் லிங்க்; வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பியை (பார்) சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி அது. சின்னப் பள்ளத்தில், குறைந்த வேகத்தில், ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போது சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். இதைச் சோதிக்க ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு லிங்கை இழுத்துப் பிடித்திருக்கும், ஆட்டம் தெரியாது. இரு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது லிங்கைக் கையால் பிடித்து உலுக்க வேண்டும். லிங்க் பெரிய விலையுள்ள பார்ட் இல்லை. பல ஸ்ட்ரட் வண்டிகளில் எப்படியும் அதைக் கழற்றினால்தான் ஸ்ட்ரட் வரும். துருப்பிடித்த நட்டைத் திருப்பும்போது போல்ட்டும் கூடவே சுற்றும், கடைசியில் வெட்டித்தான் எடுப்பார்கள். அதனால் இதை மட்டும் கேள்வி கேட்காமல் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். பாரைச் சேஸோடு பிடிக்கும் ரப்பரும் அப்படித்தான்.

ஷாக்கோடு சேர்த்துக் கட்டாயம் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான்: டாப் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் துண்டு), தண்டை மூடும் டஸ்ட் பூட், ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் வரும் ரப்பர் தகடு. பம்ப் ஸ்டாப் பழைய வண்டிகளில் தொட்டாலே பொடிந்து உதிரும். அது இல்லாமல் புது ஷாக் போட்டால் பெரிய பள்ளத்தில் பிஸ்டன் அடியில் போய் இடிக்கும், உள்ளே வால்வு சேதமாகும். டஸ்ட் பூட் கிழிந்திருந்தால் குரோம் தண்டில் மண் ஒட்டி, அந்த மண்ணே சீலை அறுக்கும். புது ஷாக் சீக்கிரம் கசிந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். தயாரிப்பாளர் ஒருமுறைக்கு மட்டும் என்று சொன்ன போல்ட், நட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை நீண்டு இறுகிய போல்ட் இரண்டாவது முறை அதே பிடியைத் தராது.

ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டுமா? உயர அளவு சரியாக இருந்து, உடைசல் இல்லையென்றால் வேண்டாம். உடைசல் பெரும்பாலும் கடைசிச் சுற்றில், கீழே தட்டில் உட்காரும் இடத்தில்தான் இருக்கும். மண்ணும் தண்ணீரும் தேங்கி, பெயிண்ட் போய், துரு தின்று, ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தாலும் வண்டி நிற்கும்போது தெரியாது. துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மாற்றினால் ஒரே அச்சில் இரண்டையும் மாற்றுங்கள். பின்னால் அடிக்கடி சுமை ஏற்றுகிறோம் என்று கெட்டி ஸ்பிரிங் போட்டுவிட்டு சாதா ஷாக்கே போதும் என்று விட்டால், அந்த ஸ்பிரிங்கை அடக்க ஷாக்கால் முடியாது. வண்டி குதிரைச் சவாரிதான்.

சக்கரம் கழன்றிருக்கும் நேரத்தில் பிரேக்கைப் பார்க்காமல் விட்டால் பாவம். பேட் எவ்வளவு இருக்கிறது, காலிப்பரின் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின் கையால் தள்ளினால் நகர்கிறதா, பிஸ்டன் பூட் கிழிந்திருக்கிறதா, டிஸ்க்கின் விளிம்பில் உதடு மாதிரி மேடு ஏறியிருக்கிறதா. உள் பேட் தீர்ந்துபோய் வெளி பேட் புதுசு மாதிரி இருந்தால் ஸ்லைடு பின் இறுகிவிட்டது. சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் வைத்தாலே போதும், பத்து நிமிட வேலை. ரப்பர் பிரேக் ஹோஸை மடித்து வெடிப்பு பாருங்கள். வெடிப்புக்குள் துணி இழை தெரிந்தால் உடனே மாற்றுங்கள். எப்போது மாற்றினோம் என்று நினைவில்லாத பிரேக் ஆயிலையும் இப்போதே மாற்றிவிடலாம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயிலுக்குத் தர அளவுப்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். முழுச் சுமையோடு மலைப்பாதையில் இறங்கும்போது இந்த வித்தியாசம் காலுக்குக் கீழே தெரியும்.

முன்சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டி என்றால் ஆக்சில் பூட்டின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சக்கர ரிம்மின் உட்புறம் கருப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்து நாளாகிவிட்டது. கிழிசலைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பூட்டும் கிரீஸும் போதும். திருப்பத்தில் 'கடகட' என்று சத்தம் வந்த பிறகு என்றால் ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.

பின்சக்கரம் இரண்டையும் ஒரே கெட்டி அச்சு இணைக்கும் வண்டி என்றால், அந்த அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பிகளின் புஷ்களைத்தான் முதலில் பார்ப்பேன். நீளவாக்கில் வரும் டிரெயிலிங் ஆர்ம்கள், குறுக்கே வரும் பான்ஹார்ட் ராட். பான்ஹார்ட் ராட் புஷ் போனால் வளைவில் பின்பக்கம் தாமதமாக வந்து சேர்வதுபோல் இருக்கும். பலர் அதை ஷாக் என்று நினைத்து மாற்றி ஏமாறுவார்கள். பட்டை ஸ்பிரிங் என்றால் ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) புஷ், அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டின் இறுக்கம் இரண்டையும் பாருங்கள். டிஃபரன்ஷியலின் (அச்சின் நடுவே உள்ள கியர் பெட்டி) மேலே காற்று வெளியேற ஒரு சின்ன பிரீதர் மூடியும் குழாயும் இருக்கும். அது சேற்றில் அடைத்துக்கொண்டால் சூட்டில் விரியும் காற்று வேறு வழியில்லாமல் ஆக்சில் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். சீலை மாற்றும் முன் பிரீதரை ஊதிப் பாருங்கள். சில வண்டிகளில் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு கம்பி இருக்கும். சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வின் கம்பி அது. பின் ஸ்பிரிங்கை மாற்றி உயரம் கூடினால் அதைச் சரிசெய்யாவிட்டால் பின் பிரேக் பலவீனமாகிவிடும்.

டிஃபரன்ஷியல், டிரான்ஸ்பர் கேஸ் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) எண்ணெய்களுக்கு ஷாக்கோடு நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் வண்டி மேலே நிற்கும்போது செய்துவிடுவது சுலபம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எண்ணெயை வடிக்கும் திருகைத் தொடும் முன், ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு, ஊற்றும் திருகு அசைய மறுத்தால் வண்டி அங்கேயே படுத்துக்கொள்ளும். புரொப்பல்லர் ஷாஃப்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் இரண்டு பம்ப் அடித்துவிடுங்கள்.

சஸ்பென்ஷன் வேஷம் போடும் வேறு ஆட்களும் உண்டு. எஞ்சின் மவுண்ட் கிழிந்தால் கியர் போடும்போதும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் 'டம்' என்று சத்தம் வரும். சேஸுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மவுண்ட்கள் நசுங்கினால் மேடுபள்ளத்தில் வண்டியே முனகும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஷாக்கின் மேல்முனை சேஸில் பொருந்தும் இடத்தையும் ஸ்பிரிங் உட்காரும் தட்டையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் குத்திப் பாருங்கள். துரு இரும்பைத் தின்று ஓட்டையாக்கியிருந்தால் ஷாக் செலவை அப்படியே நிறுத்திவிட்டு, இந்த வண்டியை வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்குப் போங்கள்.

சாதா ஷாக் இல்லாத வண்டிகளில் வயர் வரும் எலெக்ட்ரானிக் ஷாக், காற்றுப் பை, சுமைக்கு ஏற்பத் தானே உயரும் பின் ஷாக் என்று பல ரகம் இருக்கிறது. கடைசி ரகத்தில் வண்டியின் எடையில் ஒரு பங்கை ஷாக்கே சுமக்கும், அதனால் ஸ்பிரிங்கை மெலிதாகவே போட்டிருப்பார்கள். அங்கே சாதா ஷாக்கைப் போட்டால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கையிருப்பு குறைவு என்றால் என் வரிசை இது: பால் ஜாயிண்ட், டை ராட், பிரேக் ஹோஸ் இவற்றில் கோளாறு இருந்தால் ஷாக்கைத் தள்ளிவைத்தாவது முதலில் அவை. அடுத்து ஷாக்கும் அதோடு சேர்ந்த ரப்பர்களும். பிறகு கிழிந்த புஷ்கள். ஆட்டம் இல்லாத ஜாயிண்ட்டையும், மேலே மட்டும் வெடித்த புஷ்ஷையும், கசியாத ஸ்டீயரிங் ராக்கையும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாற்ற வேண்டாம். நல்ல ஒரிஜினல் பார்ட்டைக் கழற்றிவிட்டு மட்டமான புதுசைப் போட்டு நொந்தவர்கள் நிறையப் பேர்.

வேலை நாளைப் பற்றிச் சில வார்த்தை. முதல் நாள் இரவே எல்லாப் போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் தெளித்துவிடுங்கள். ஸ்பிரிங் அமுக்கும் கருவி பழக்கமில்லை என்றால் ஸ்ட்ரட் பிரிப்பதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்; அமுங்கிய ஸ்பிரிங் எகிறினால் பல், தாடை எதுவும் மிஞ்சாது. மவுண்டும் ஸ்பிரிங்கும் சேர்த்துத் தயாராக வரும் முழு அசெம்பிளி கிடைத்தால் அதுவும் ஒரு வழி. புது ஷாக்கின் தண்டை எக்காரணம் கொண்டும் பிளையரால் பிடிக்காதீர்கள், அந்தக் கீறலே சீலுக்கு எமன். மேல் நட்டை இம்பாக்ட் துப்பாக்கியால் சுற்றவிடுவதும் வேண்டாம், தண்டு உள்ளே பிஸ்டனோடு சேர்ந்து சுழலும். இரட்டைக் குழாய் ஷாக் என்றால் மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து தடவை முழுக்க அமுக்கி இழுங்கள். பெட்டியில் படுக்கையாகக் கிடந்ததில் எண்ணெய் அறைக்குள் புகுந்த வாயு வெளியேறும். முதல் இரண்டு அமுக்கலில் வெற்றிடமாகத் துள்ளும், பிறகு ஒரே சீராகக் கனக்கும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றியதும், சக்கரம் மாட்டும் ஹப் வெளியே சாயும். அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிடாவிட்டால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடும், ஆக்சிலின் உள் ஜாயிண்ட் பிரிந்துகூட வந்துவிடும். பின்னால் ஒரே அச்சு உள்ள வண்டியில் இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். அச்சு அதிகமாகக் கீழே தொங்காமல் பிடித்திருப்பது பல வண்டிகளில் ஷாக்தான். கழற்றினால் அச்சு பிரேக் ஹோஸில் தொங்கும். அச்சுக்கு அடியில் ஜாக் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள்.

முன்னால் அளந்த உயரம் இங்கேதான் வேண்டும். ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியே இருக்கும். சுழலாது, முறுக்கித்தான் வேலை செய்யும். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டையோ ஷாக்கின் கீழ் போல்ட்டையோ முழுசாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் புஷ் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். அதனால் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, லோயர் ஆர்மை ஜாக்கால் உயர்த்தி, நடுமையத்துக்கும் ஃபெண்டருக்கும் உள்ள தூரம் சரியான உயரத்துக்கு வந்ததும் டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். வேலையைக் கடையில் கொடுத்தாலும் இந்த ஒன்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை சார்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

முடிந்ததும் அலைன்மெண்ட். ஸ்ட்ரட் வண்டி என்றால் தவிர்க்கவே முடியாது. ஹப்பைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுக்கான துளை சற்றுப் பெரிதாக இருக்கும், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். கழற்றும் முன் கோடு போட்டுவைத்தால் கடைக்கு ஓட்டிப் போகும் வரையாவது உதவும். இரட்டை ஆர்ம் அமைப்பில் ஷாக்கை மட்டும் மாற்றினால் கோணம் மாறாது, ஆனால் ஸ்பிரிங்கோ ஆர்மோ மாற்றியிருந்தால் பார்க்கத்தான் வேண்டும். குழி விழுந்த டயர்களை இப்போதே மாற்ற முடியாவிட்டால் பின்பக்கம் போடுங்கள்; ஸ்டீயரிங்குக்கு வரும் அதிர்வாவது குறையும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டியில் உயரமும் அலைன்மெண்ட்டும் மாறினால் கேமராவையும் திரும்ப அளவமைக்கச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு, கையேட்டைப் பாருங்கள்.

அன்று மாலையே வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். புது ஸ்பிரிங்கில் முன்பக்கம் நிமிர்ந்திருந்தால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், பின்பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் ரோட்டில் மிக அருகிலேயே விழும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் ஒருமுறை சரிபார்த்து, நான்கு பக்க உயரத்தையும் மறுபடி அளந்து, ஓடிய கிலோமீட்டரோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.